குஞ்சு வதையில் வெற்று அறைகள்: இராணிக்கு வயது போனதா, சொந்தத்துக்குள் கலந்ததா?

களப்போரம்:
நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் நடுவில், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. அந்த இடத்துத் தேனீப் பெட்டிகள் எல்லாம் ஒரே தாய்க்கூட்டில் இருந்து பிரித்தவை, பிரித்ததைத் திரும்பவும் பிரித்தவை. இப்போது மூடிய குஞ்சு வதையை (புழுவும் கூட்டுப்புழுவும் வளரும் அடையை) தூக்கிப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி இடையிடையே வெறுமை. சாய்சதுரமாக 10க்கு 10 அறை எண்ணினால் 100இல் 25 முதல் 30 வரை காலி. இராணி நிற்கிறாள், காலியான அறையில் திரும்பவும் முட்டை வைக்கிறாள். மகரந்தம் குறைவில்லை. எறும்பும் இல்லை, மெழுகுப்பூச்சியும் இல்லை. செத்த புழு ஒன்றும் கண்ணில் படவில்லை. இராணிக்கு வயது போய்விட்டதென்று வைத்துக்கொண்டு, அதே வரிசையில் நல்லதாக இருக்கும் பெட்டியின் மகள் இராணியை விடலாமா?

கிண்ணியா நானா:
விடலாம். வயதுபோன இராணியின் விந்துப்பை வற்றத் தொடங்கினால் குஞ்சு ஒழுங்கு கெடும். பழையவளை எடுத்துவிட்டால் பெட்டியே அவசர இராணி அறை கட்டி, இருக்கிற புழுவில் இருந்து புது இராணியை வளர்த்துக்கொள்ளும். செலவில்லாத வேலை.

வேம்படி:
நானா, விந்து வற்றினால் அறை காலியாகாது. கருக்கட்டாத முட்டையில் ஆண் தேனீ வளரும். வேலைக்காரத் தேனீயின் அறையில் ஆண் குஞ்சு வளர்ந்தால் மூடி மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் நாட்டுத் தேனீயில், அதாவது ஏபிஸ் செரானாவில், ஆண் அறையின் மூடி கூம்பாகி அதன் உச்சியில் ஒரு சிறு துவாரமும் தெரியும். வெளிநாட்டு மெலிஃபெராவுக்கு அந்தத் துவாரம் கிடையாது. களப்போரம் சொல்வதில் புடைப்பும் இல்லை, துவாரமும் இல்லை, வெறும் காலி அறை. முட்டை வைத்திருக்கிறாள், கொஞ்ச நாளில் அறை வெறுமையாகிறது, பிணமும் இல்லை. அத்தோடு எல்லாப் பெட்டியும் ஒரே வழித்தோன்றல். முதலில் சந்தேகப்பட வேண்டியது இருமடிய ஆண் தேனீயை, அதாவது சொந்தத்துக்குள் கூடியதால் கருக்கட்டிய முட்டையிலேயே உருவாகி, கூடு தின்றுவிடும் ஆணை. அப்படி இருந்தால் அதே வரிசையின் மகளை விடுவது நோயையே மருந்தாகக் கொடுக்கிற வேலை.

பாலைக்காடு:
அவ்வளவு அவசரமாக மரபணுவைப் பிடிக்க வேண்டாம். செரானாவில் பை நோய் (sacbrood, புழுவைக் கொல்லும் வைரசு நோய்) வந்தாலும் வதை இப்படித்தான் பொத்தல் விழும். வேலைக்காரத் தேனீக்கள் செத்த புழுவை இழுத்து வெளியே போட்டுவிட்டால் உங்களுக்கு வெற்று அறை மட்டும்தான் தெரியும்.

வேம்படி:
சரியான எதிர்க்கேள்வி. இரண்டையும் பிரித்தறியப் புழு எந்த வயதில் போகிறது என்று பார்க்க வேண்டும். பை நோயில் புழு பெரும்பாலும் கூட்டுப்புழு ஆகும் முன், அறை மூடுகிற நேரத்தை ஒட்டிச் சாகும். அறையில் நிமிர்ந்து நீட்டிப் படுத்திருக்கும், தலை மேலே பார்த்திருக்கும், இடுக்கியால் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிரம்பிய பையாக வரும். இருமடிய ஆண் என்றால் முட்டை பொரித்த கையோடு, பெரிய புழுவாகும் முன்பே தின்னப்பட்டுவிடும்.

பரிசோதனை இப்படி. கட்டி முடித்த வெற்று வதை ஒன்றைக் குஞ்சுப் பகுதியின் நடுவில் விடுங்கள். அடுத்த நாள் பின்னேரம் முட்டை நிறைந்திருந்தால் சட்டத்தை எடுத்து, ஒளிபுகும் பிளாஸ்ரிக் தாளை வதைமேல் வைத்துச் சட்டத்தின் இரண்டு மூலையையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வைக்கும்போது பிசகாது. பிறகு முட்டை உள்ள 100 அறையை அழியாத பேனையால் புள்ளியிடுங்கள். முட்டை பொரிக்க 3 நாள். 5ஆம் நாளும் 7ஆம் நாளும் அதே தாளை வைத்துப் பாருங்கள். மெலிஃபெராவில் பொரித்த சில மணி நேரத்திலேயே தின்றுவிடும், செரானாவில் அது ஓரிரு நாள் பிந்தலாம், அதற்காகத்தான் 7ஆம் நாள் வரை. அதற்குள் 25 புள்ளி காலியென்றால் பை நோய் அல்ல. 7ஆம் நாள் வரை எல்லாம் நிறைந்திருந்து, மூடிய பிறகு காலியானால் பாலைக்காடு சொல்வது சரி.

ஒரு எச்சரிக்கை. மகரந்தம் இல்லாத நேரத்தில் இந்தப் பரிசோதனை செல்லாது. புரதம் தட்டுப்பட்டால் நல்ல இளம் புழுவையும் வேலைக்காரத் தேனீக்கள் தின்னும், வயது குறைந்ததில் இருந்து தொடங்கும். கச்சான் காற்று எழும்பி எல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் செய்தால் விடை பிழைக்கும்.

உயிரியல் ரீச்சர்:
இன்னும் உறுதி வேண்டுமென்றால் முட்டை வைத்த அன்றே வதையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சொந்தமில்லாத வேறொரு பெட்டியில் வளர விடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே விகிதத்தில் காலியானால் குறை முட்டையில் இருக்கிறது. சொந்தப் பெட்டியில் மட்டும் காலியானால் தாதித் தேனீயிலோ தீனியிலோ குறை.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், பலரும் "ஆண் தேனீக்குத் தகப்பன் இல்லை" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கருக்கட்டாத முட்டையில் ஆண் பிறக்கும் என்று சியெர்சோன் 1845இல் சொன்னார். ஆண் தேனீ ஒருமடியம், அதாவது நிறமூர்த்தம் ஒரு தொகுதி மட்டும், 16. இராணியும் வேலைக்காரத் தேனீயும் இருமடியம், இரண்டு தொகுதி, 32. ஆனால் பாலைத் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கை அல்ல, ஒரேயொரு இடத்தில் உள்ள மரபணு. சி.எஸ்.டி என்று பெயர், 2003இல் அடையாளம் காணப்பட்டது. அதற்குப் பல எதிருருக்கள், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் உண்டு. முட்டையில் இரண்டு வேறு எதிருருக்கள் சேர்ந்தால் பெண். ஒன்று மட்டும் இருந்தால் ஆண். இரண்டு இருந்தும் இரண்டும் ஒரே எதிருருவாக இருந்தால் அதுவும் ஆண்தான், இருமடிய ஆண். அதைக் கூடு வளர்க்காது. பொரித்த புழுவின் உடல்மேல் உள்ள பொருளை வைத்து வேலைக்காரத் தேனீக்கள் இனங்கண்டு தின்கின்றன என்பதை வொய்க்கே 1963இல் தொடங்கிய தன் ஆய்வுகளில் காட்டினார். பின்னர் செரானாவிலும் பார்த்தார்.

இனிக் களப்போரத்தின் பெட்டிக்கு வருவோம். தாய் இராணியிடம் அ, ஆ என்ற இரண்டு எதிருரு. அவள் கூடிய ஆணிடம் இ. மகள் அ–இ என்று வைப்போம். அந்த மகள் வெளியே பறந்தால் அங்கே பறப்பது அவளுடைய அண்ணன் தம்பிகள்தான், பாதிப் பேர் அ, பாதிப் பேர் ஆ. ஆ உள்ளவனால் கேடில்லை. அ உள்ளவனால் கருக்கட்டிய முட்டையில் பாதி அ–அ ஆகிவிடும். மொத்தத்தில் நாலில் ஒன்று, 100க்கு 25. நீங்கள் எண்ணிய தொகையின் அடியில் இந்தக் கணக்குத்தான் கிடக்கிறது. பிரித்துக்கொண்டே போய் அந்த வட்டாரத்தில் 3 எதிருருதான் சம அளவில் மிஞ்சியதென்றால் இழப்பு மூன்றில் ஒன்று. 10 எதிருரு இருந்தால் பத்தில் ஒன்று. எதிருரு குறையக் குறைய இழப்பு ஏறும்.

களப்போரம்:
நன்றி ரீச்சர். அப்படியென்றால் நல்ல வதையில் காலி அறையே இருக்கக் கூடாதா?

உயிரியல் ரீச்சர்:
இருக்கலாம். மூடிய குஞ்சுக்கு நடுவில் 100இல் 5 முதல் 10 வரை காலி இருப்பது சாதாரணம். வேலைக்காரத் தேனீ அந்த அறைக்குள் தலையை விட்டுப் பக்கத்துக் கூட்டுப்புழுக்களுக்குச் சூடு கொடுக்கும். குஞ்சு வதையை 33 முதல் 36 பாகை வரையில் வைத்திருக்க அது ஒரு வழி. 15ஐத் தாண்டினால் கவனியுங்கள், 25 என்றால் நடவடிக்கை எடுங்கள்.

பாலைக்காடு:
கன்னியாப் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்கள் யாரும் இந்தக் குறையைச் சொன்னதில்லை. அதே பெட்டி, அதே பிரிக்கும் முறை.

வேம்படி:
அங்கே காடு இருக்கிறது. மரப்பொந்துகளில் இருக்கும் காட்டுக்கூடுகளின் ஆண்கள் வானத்தை நிரப்பிவிடும், உங்கள் பெட்டியின் ஆண் அதில் சிறு பங்கு. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் உள்ள மணல் திடலில் பொந்துள்ள பெரிய மரம் அரிது. தென்னையும் பனையும் பூ கொடுக்கும், காட்டுக்கூட்டுக்கு இடம் கொடுக்காது. அங்கே வைத்தவரின் பெட்டிதான் ஆணுக்கும் ஊற்று.

கிண்ணியா நானா:
விளங்குது. அப்ப அவசர இராணி அறை என்ற கதையே வேண்டாமா?

வேம்படி:
வேண்டாமென்று இல்லை நானா. குறை இராணியை வளர்ப்பதில் இல்லை, அவள் யாரோடு கூடுகிறாள் என்பதில். கூடும் இடத்தை மாற்றினால் அதே வரிசையின் மகளும் உதவுவாள். மூன்று சட்டம் கொள்ளும் சிறு பெட்டியில், மூடிய குஞ்சுச் சட்டம் 1, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் 1, வெற்று வதை 1, அதோடு முதிர்ந்த இராணி அறை ஒன்று. இதைக் காட்டோரத்து வளவுக்குக் கொண்டுபோய் வையுங்கள். இராணி வெளிவந்து ஒரு கிழமை, பத்து நாளில் கூடி முடிப்பாள், பிறகு சில நாளில் முட்டை. முட்டை கண்டபின் திரும்பக் கொண்டுவரலாம். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வைக்க வேண்டாம், யாராவது தெரிந்தவரின் தோட்டம் காணும்.

கூடும் நேரமும் முக்கியம். இலங்கையிலேயே கோனிகரும் விஜயகுணசேகரவும் 1976இல் வெளியிட்ட ஆய்வில் ஆண் தேனீக்கள் பறக்கும் நேரத்தை இனம் இனமாகக் குறித்திருக்கிறார்கள். கொம்புத்தேனீ 12:00 முதல் 14:30 வரை, நாட்டுத் தேனீ 16:15 முதல் 17:15 வரை, மலைத்தேனீ 18:00 முதல் 18:45 வரை. மூன்று இன இராணிகளும் ஆண்களை இழுப்பது பெரும்பாலும் ஒரே பெரமோனால்தான், 9-ஒட்சோடெசினோயிக் அமிலம். வாசம் ஒன்றாக இருப்பதால் நேரத்தைப் பிரித்துக்கொண்டு கலப்பைத் தவிர்க்கின்றன. தேனீக்களைப் பற்றி எங்கள் மண்ணில் கண்டறிந்தவற்றில் இது எனக்கு மிகப் பிடித்தது. நடைமுறையில்: கன்னி இராணி உள்ள சிறு பெட்டியைப் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு திறக்கவே கூடாது. அவள் வெளியே போயிருக்கும்போது பெட்டியை நகர்த்தினால் திரும்பி வர இடம் தெரியாது.

மூதூர்ப் பெட்டி:
இராணி அறை பற்றி ஒரு விஷயம். தானாகக் கட்டும் அவசர அறை எல்லாம் ஒரே தரம் இல்லை. பழைய இராணியை எடுத்த அன்று பெட்டியில் 1 நாள் புழுவும் இருக்கும், 3 நாள் புழுவும் இருக்கும். பதறிப்போய் இரண்டையும் இராணியாக வளர்க்கும். 3 நாள் புழு அதுவரை வேலைக்காரத் தேனீயின் பாதையில் போனது. அதில் வருபவள் முட்டைக்குழாய் குறைந்த அரைகுறை இராணி. ஆனால் முதலில் வெளிவருபவளும் அவள்தான், வந்ததும் மற்ற நல்ல அறைகளைக் கிழித்துப்போடுவாள். இராணி அறை முட்டையிட்டதில் இருந்து ஏறக்குறைய 8ஆம் நாள் மூடும். ஆகவே பழைய இராணியை எடுத்து 2, 3 நாளிலேயே மூடிய அறை எல்லாம் வயது கூடிய புழுவில் எழுந்தவை. அவற்றை நசித்துவிடுங்கள். 4, 5ஆம் நாள் மூடுபவற்றில் நீளமான இரண்டை வைத்தால் போதும்.

பாலைக்காடு:
முதல் நாளில் இருந்தே இராணிப் புழுவுக்கு ரோயல் ஜெல்லி, மற்றதுக்குத் தேன் என்றுதானே படித்தோம்?

உயிரியல் ரீச்சர்:
பாடப்புத்தகம் சுருக்கிச் சொல்கிறது. எல்லாப் புழுவுக்கும் முதல் 3 நாள் தாதித் தேனீயின் சுரப்புத்தான் தீனி. வேலைக்காரத் தேனீக்குக் கிடைப்பதில் சீனி குறைவு, அளவும் குறைவு. அதன்பின் தேனும் மகரந்தமும் கலந்த கூழ். இராணிப் புழு கடைசி வரை அரசகூழில், அதாவது ரோயல் ஜெல்லியில் மிதக்கும், இனிப்புக் கூடுவதால் கூடத் தின்னும். இந்தத் தீனி வித்தியாசம் புழுவின் மூளைக்குப் பின்னால் உள்ள கோப்பொரா அலாட்டா சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் இளம்பருவ ஓமோன் இராணிப் புழுவில் 4, 5ஆம் நாளளவில் வேலைக்காரப் புழுவைவிட மிக உயர்கிறது. ஓமோன் உயர்ந்தால் சூலகக் கலங்கள் பிழைக்கும். தாழ்ந்தால் அவை தாமாகவே அழியும். மெலிஃபெரா இராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் 150க்கு மேல் குழாய், வேலைக்காரத் தேனீக்குப் பத்துக்கு உள்ளே. செரானா இராணிக்கு அதைவிடக் குறைவு, ஆனால் இந்த இடைவெளி அதே மாதிரிதான்.

ஓமோனுக்கு அப்பால் டி.என்.ஏ மீது மெதைல் கூட்டம் ஒட்டுவதும் உண்டு. அதை ஒட்டும் நொதியத்தைப் பொரித்த புழுவில் அடக்கியபோது பெரும்பாலானவை இராணியாக வந்தன, 2008இல் வந்த ஆய்வு. 2011இல் ரோயலக்ரின் என்ற ஒரே புரதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ஒரே ஒரு மந்திரப் பொருளைத் தேடுவது இங்கே உதவாது. எவ்வளவு தீனி, எவ்வளவு இனிப்பு, எந்த வயதில் என்ற மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. மூதூர்க்காரர் சொன்ன 3 நாள் எல்லையும் அதனால்தான்.

மூதூர்ப் பெட்டி:
பிரித்த பிறகு புதுப் பெட்டியில் வெளியே போய்வரும் தேனீயே இருக்காது, எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதுக்கும் ஓமோனில் விளக்கம் இருக்கா ரீச்சர்?

உயிரியல் ரீச்சர்:
இருக்கிறது, அதே ஓமோன் வளர்ந்த தேனீயில் வேறு வேலை செய்கிறது. தாதித் தேனீயின் உடலில் விற்றலோஜெனின் என்ற புரதம் நிறைந்திருக்கும், இளம்பருவ ஓமோன் குறைவு. வயது ஏற விற்றலோஜெனின் இறங்கி ஓமோன் ஏறும், அது வெளியே போகத் தொடங்கும். ஒன்று மற்றதை அழுத்துகிறது. வெளித்தேனீக்கள் எதைல் ஒலியேற்று என்ற பொருளை வாய்வழி பரிமாறி இளையவை வெளியே போவதைத் தாமதப்படுத்துகின்றன. பிரித்த பெட்டியில் வெளித்தேனீ இல்லை, அந்தத் தடையும் இல்லை. அதனால் ஒரு கிழமை வயதுள்ளவை கூட வெளியே போகத் தொடங்கும். அப்படி முந்திப் போனவற்றுக்கு ஆயுள் குறைவு. மறுபக்கமும் நடக்கும்: தாதி இல்லாவிட்டால் வெளித்தேனீயில் ஓமோன் இறங்கி, தலைச்சுரப்பி திரும்ப வளர்ந்து அது தாதியாகும்.

ஆகவே பிரித்த முதல் இரண்டு கிழமை புதுப் பெட்டிக்குத் தேடிப் போகும் தேவையையே குறைக்க வேண்டும். சீனி 1 கிலோவுக்குத் தண்ணீர் 1 லீற்றர், பின்னேரம் பெட்டிக்கு உள்ளே 200 மில்லிலீற்றர், விடிவதற்குள் குடித்து முடிக்கும் அளவு. பகலில் வைத்தால் மற்றப் பெட்டிகள் கொள்ளையடிக்க வரும், செரானா பெட்டியை விட்டே ஓடிவிடும்.

பாலைக்காடு:
எனக்கு உறுத்துவது இதுதான். பெட்டியில் ஆயிரக்கணக்கான பெண்கள், எல்லோரிடமும் சூலகம் இருக்கிறது. அவர்கள் ஏன் முட்டை வைக்காமல் தங்கள் தம்பியையே தின்றுகொண்டு இருக்கிறார்கள்? சகோதரிகளின் மரபணு உறவு 0.75, சொந்தப் பிள்ளையோடு 0.5, அதனால் தங்கை வளர்ப்பது லாபம் என்று ஹமில்டன் 1964இல் எழுதினார். அதோடு கதை முடிந்ததா?

உயிரியல் ரீச்சர்:
முடியவில்லை, அந்த 0.75 தகப்பன் ஒருவனாக இருந்தால் மட்டும். நாட்டுத் தேனீ இராணி பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறாள். 10 பேருக்குச் சம பங்கு என்றால் சகோதரிகளின் சராசரி உறவு 0.30தான். கறையானில் ஆணும் இருமடியம், அங்கே 0.75 என்ற கணக்கே இல்லை, ஆனாலும் கூட்டு வாழ்க்கை உண்டு. தகப்பன் இல்லாத ஆண் பிறக்கும் குளவி இனங்கள் பல தனித்தே வாழ்கின்றன. ஆகவே 0.75 போதாது. தேனீ, குளவி, எறும்பு வழிகளை ஒப்பிட்டு 2008இல் வந்த ஆய்வு காட்டியது வேறு: கூட்டு வாழ்க்கை தொடங்கிய எல்லா வழிகளிலும் ஆதியில் இராணி ஒரே ஆணோடுதான் கூடினாள். அப்போது தங்கையும் தம்பியும் சேர்ந்து சராசரி 0.5, சொந்தப் பிள்ளைக்குச் சமம். சமம் என்றால் கட்டிய கூட்டில் நின்று உதவுவதில் வரும் சிறு லாபமும் தராசைச் சாய்க்கப் போதும். வேலைக்காரத் தேனீ கூடும் திறனையே இழந்த பிறகுதான் இராணி பலரோடு கூடத் தொடங்கினாள். பல தகப்பன் இருந்தால் கூட்டின் வெப்பம் ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும், ஒரு நோய் எல்லோரையும் ஒரேயடியாகப் பிடிக்காது.

அந்தப் பலர் வந்ததும் இன்னொரு கணக்கு மாறுகிறது. வேலைக்காரத் தேனீக்குத் தன் மகனோடு 0.5, தம்பியோடு 0.25. சகோதரியின் மகனோடு, தகப்பன் ஒருவன் என்றால் 0.375, 10 பேர் என்றால் 0.15. ஒவ்வொருத்திக்கும் தன் மகன் லாபம், மற்றவளின் மகன் நட்டம். அதனால் ஒருத்தி வைத்த முட்டையை மற்றவள் தின்கிறாள். ரட்னீக்ஸ் 1988இல் இதைக் கணக்காக எழுதி, 1989இல் விஷ்சரோடு சேர்ந்து மெலிஃபெராவில் நேரில் காட்டினார். செரானாவிலும் இந்த முட்டை தின்னும் காவல் உண்டு. ஆனால் இராணி இருக்கும்போதே சில வேலைக்காரத் தேனீக்களின் சூலகம் விழித்திருக்கும், மெலிஃபெராவைவிட அதிகமாக.

வேம்படி:
கடைசி வரி பெட்டிக்காரருக்கு மிக முக்கியம். நாட்டுத் தேனீயில் இராணி போனால் வேலைக்காரத் தேனீ முட்டை வைக்கத் தொடங்குவது மிக விரைவு. மெலிஃபெராப் புத்தகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் பெட்டி போய்விடும். ஒரு அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டி இருந்தால் அதுதான், வயிறு குட்டையானதால் அடியை எட்டாது. புது இராணியும் தொடக்கத்தில் இரட்டை முட்டை வைப்பாள், ஆனால் அடியின் நடுவில் வைப்பாள். அந்த நிலையில் இராணியை நேரே விட்டால் கொன்றுவிடும். வேறு பெட்டியின் மூடாத புழுச் சட்டம் ஒன்றை 3, 4 நாளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுங்கள், புழுவின் பெரமோன் சூலகத்தை அடக்கும். இராணி அறை கட்டத் தொடங்கினால் கூடு திரும்பிவிட்டது. ஆள் குறைந்துபோனால் இழுபட வேண்டாம், பலமான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

களப்போரம்:
இப்போது செய்ய வேண்டியது என்ன, ஒழுங்காகச் சொல்லுங்கள். வெளியே இருந்து கூடு கொண்டுவருவதா, இராணியைக் காட்டோரம் அனுப்புவதா?

வேம்படி:
இரண்டும், ஆனால் முன்பின் உண்டு. மாரி மழை ஓய்ந்து வேம்பு பூக்கும் காலத்தில் பெட்டிகள் ஆண் அறை கட்டும். மூடிக் கூம்பில் துவாரம் தெரிந்து, சில ஆண்கள் வெளிவரத் தொடங்கிய பிறகுதான் இராணி வளர்ப்பு. ஆண் முட்டையில் இருந்து வெளிவர 24 நாள், முதிர இன்னும் 10 நாளாவது. இராணி 16 நாளில் வந்துவிடுவாள். இராணி முந்தினால் அவளோடு கூடுவதற்கு ஆண் இருக்காது.

அதற்கு முன்பே கன்னியா, சேருவில, கோமரங்கடவல என்று வெவ்வேறு திசையில் இருந்து, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத 3 கூடாவது உங்கள் இடத்துக்கு வர வேண்டும். ஒரு கூடு போதாது, அடுத்த தலைமுறையில் அதே சிக்கல். வந்த கூட்டை ஒரு குஞ்சுச் சுற்று முடியும் வரை தள்ளி வைத்து, பை நோய் இல்லையென்று கண்டபின் வரிசையில் சேருங்கள். புது இராணிகள் பறக்கும் காலத்தில் பழைய பெட்டிகளின் மூடிய ஆண் வதையைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். புதுக் கூடுகளின் ஆண் வதையைத் தொடவே வேண்டாம்.

பாலைக்காடு:
ஆண் வதையை வெட்டினால் கூடு திரும்பத் திரும்ப அதையே கட்டாதா?

வேம்படி:
கட்டும். 10 நாளுக்கு ஒருமுறை பார்த்து வெட்ட வேண்டும், அந்த ஒரு பருவத்துக்கு மட்டும். புது இராணி வைத்த முதல் குஞ்சு மூடியதும் 100 அறை எண்ணுங்கள். 10க்கு உள்ளே என்றால் அவளிடம் இருந்து மகள் எடுக்கலாம். 15, 20 என்றால் தேனுக்கு வைத்திருங்கள், மகள் எடுக்க வேண்டாம். அதற்கு மேலே என்றால் மாற்றுங்கள்.

களப்போரம்:
முட்டை வதையில் தாள் வைத்துக் குறித்தாயிற்று. 7ஆம் நாள் எண்ணிக்கையை இங்கே போடுகிறேன்.

கிண்ணியா நானா:
சேருவிலப் பக்கம் தோட்டத்து மரப்பொந்தில் கூடு இருக்கிற இடம் இரண்டு தெரியும் தம்பி. தனிச்செய்தி போடுங்க.